விறகும் புகைக்கூண்டும் என் மச்சானும்

1

எங்கள் வீட்டில் மகளின் பிறந்தநாள் பாயசத்தில் தொடங்குவதில்லை, கரியில் தொடங்குகிறது. முந்தின நாள் காலையில் நான் கூரைமேல் ஏறுவேன். முள்கிளைகளைக் கொத்தாகக் கட்டி, அடியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, புகைக்கூண்டுக்குள் கயிற்றால் இறக்கி, கிணற்றில் வாளி இழுப்பதுபோல் இழுப்பேன். கீழே என் மனைவி ராக்காயி கணப்பின் வாயை நனைந்த சாக்கால் மூடிக்கொண்டு, விழும் கரியையும் மேலே இருக்கும் என்னையும் ஒரே மூச்சில் திட்டுவாள். கணப்பு என்பது சுவரோடு சேர்த்துக் கட்டிய அடுப்பு. சமைப்பதற்கல்ல, குளிர் காய்வதற்கு. வேலை முடிந்து இறங்கி வரும்போது என்னிடம் வெள்ளையாக மிஞ்சுவது பற்கள் மட்டுமே. வெற்றிலையின் தயவில் அவையும் பாதிதான்.

இந்த வருஷம் மகள் சுந்தரியின் பள்ளிக்கூடச் சிநேகிதிகள் இரண்டு பேர் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டார்கள். கூரைமேல் யார் என்று அவர்கள் இங்கிலீஷில் கேட்க, கூலிக்கு வந்த ஆள் என்று இவளும் இங்கிலீஷிலேயே சொல்லியிருக்கிறாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இறங்கி வந்து அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கொல்லைப் பக்கமாகப் போனேன். அவள் மானத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

சாயங்காலம் வந்து நின்றாள். "வருஷா வருஷம் எதுக்குப்பா என் பொறந்தநாளுக்கே இந்தக் கூத்து? வேற நாளே கெடைக்கலையா?"

அவளிடம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மதுரையில் இருக்கும் உங்களிடம் சமாளிக்க வேண்டியதில்லை. தூரத்தில் இருக்கிறீர்கள்.

2

வீட்டைச் சூடாக்குவது என்று எழுதினாலே நீங்கள் சிரிப்பீர்கள். சித்திரை மாதத்தில் அங்கே வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டு வந்து ஆளை அடித்துப் போடும். அந்த ஊரில் ஒருவன் காசு கொடுத்து விறகு வாங்கி வீட்டைக் கூடுதலாகச் சூடாக்குகிறான் என்றால், அவனைக் கட்டிவைத்துத் தலையில் எலுமிச்சம்பழம் தேய்ப்பார்கள். நானும் வடக்கு மாசி வீதிப் பக்கம் பிறந்து, அந்த வெயிலில் அடிவாங்கி வளர்ந்தவன்தான். தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்கு வேலை என்றதும் கடலைத் தாண்டி நுவரெலியா மலைக்கு வந்தபோது என் பெட்டியில் இருந்தது நாலு வேட்டி, மூன்று சட்டை, ஒரு விசிறி.

முதல் மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கல்லாகிவிட்டது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளார்க்கு அதைச் சாராயப் புட்டி என்று நினைத்துவிட்டார். தோட்டத்தில் விறகு வாங்கவும் சீட்டு வேண்டும். சீட்டில் பெரிய கிளார்க்கு எழுத வேண்டும், துரை கையெழுத்துப் போட வேண்டும், ஸ்டோர்க்காரர் முத்திரை குத்த வேண்டும். குளிர் ஐப்பசியில் வரும், சீட்டு தையில் வரும். பொறுக்கமாட்டாமல் வெளியே ஒரு வண்டிக்காரரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் காய்ந்த விறகு கேட்டேன். என்ன கேட்டேனோ, அவர் ஒரு மூட்டைக் கருவாட்டை இறக்கிவிட்டுப் போனார்.

நல்ல விறகு எது என்று தெரியாதவன் அல்ல நான். அதை அம்மாவிடம் பார்த்திருக்கிறேன். அம்மா சாது. தெருவில் ஒருவரோடும் சண்டைக்குப் போகமாட்டாள். ஆரப்பாளையத்து விறகுக்கடைக்குப் போனால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரம் சொத்தென்று கேட்கும். எடை கூடுவதற்காகக் கடைக்காரன் விறகின்மேல் தண்ணீர் தெளித்து வைத்திருந்தான் ஒருநாள். அம்மா தட்டிப் பார்த்தாள். சொத்து. இன்னொன்றைத் தட்டினாள். சொத்து. மூன்றாவதாக அவன் முழங்காலில் தட்டினாள். அவன் அம்மாவின் கையைப் பிடித்து முறுக்கப் போக, எடைக்கு நின்ற பெண்கள் ஆளுக்கொரு கட்டையை எடுத்துக்கொண்டார்கள். மண்டையில் ரத்தம் வழிய அவன் வைகை மணலில் ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்த விறகு முழுவதும் கணீர் ரகம்.

3

மலைக்கு வர நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். கையில் காசு குறைவாக இருந்தாலும் வீட்டைக் குளிரிலிருந்து காப்பாற்றலாம், வீட்டுக்காரரையும் சேர்த்தே காப்பாற்றலாம்.

பச்சை விறகைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். அது புகையத்தான் செய்யும், எரியாது. அந்தப் புகை கூண்டுக்குள் தாராகப் படிந்து, ஒருநாள் கூண்டே தீப்பிடித்துக் கூரையைக் கொளுத்திவிடும். தேயிலைச் செடியைக் கவாத்து செய்து வெட்டிப்போடும் குச்சிகள் தோட்டத்தில் இலவசம். தீ மூட்ட அவை போதும். பெரிய கட்டைகளைக் கோடையிலேயே பிளந்து, இறவாரத்துக்கு அடியில் காற்றுப் போகும்படி அடுக்கிவிடுங்கள். அடுத்த குளிருக்கு அவை தயாராக இருக்கும். சிறு தீயாக, நன்றாக எரியும் தீயாகப் போடுங்கள். பெருந்தீ போட்டால் பாதிச் சூடு கூண்டு வழியாக ஆகாயத்துக்குப் போய்விடும், அங்கே குளிர்காய நமக்கு உறவினர் யாரும் இல்லை. சாம்பல் ஆறிவிட்டது என்று நம்பிக் கூடையில் அள்ளாதீர்கள். அதற்கென்று மூடி போட்ட தகர டின் வேண்டும், அது வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. தணல் கிடக்கும்வரை கூண்டு திறந்திருக்க வேண்டும், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். நான் வந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பம் கரி எரியும் சட்டியை நடுவில் வைத்து, ஓட்டையெல்லாம் அடைத்து, கதவைச் சாத்திப் படுத்தது. காலையில் தூக்கி வந்தபோது எல்லார் முகமும் கல்யாணவீட்டு முகம்போலச் சிவப்பாக இருந்தது. உயிர் இல்லை. தணல் விடும் விஷக்காற்றுக்குப் புகையும் கிடையாது, மணமும் கிடையாது. அந்தச் சிவப்பைப் பார்த்தபின் நான் ஜன்னலை முழுதாகச் சாத்தியதே கிடையாது.

4

ராக்காயி என் தாய்மாமன் மகள். அவனியாபுரத்துக்காரி. முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவதுதானே முறை? அவளுக்குத் தாய் இல்லை. அதனால் அழைத்துப் போக அவள் அண்ணன் சோலைமலை வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு மாடு பிடிப்பவர். தொடையில் ஒரு கொம்பு நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்த தழும்பு இருக்கிறது. அந்த மாட்டை இவர் விடவில்லை என்பார்கள். கடலைத் தாண்டுமுன் ஆட்களைத் தங்கவைக்கும் முகாமில் தடுப்பூசி போட வந்தவரையும் விடவில்லை. தோளில் குத்தியவருக்குக் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கிறார். அதற்காக அவரைக் கூடுதலாகச் சில நாட்கள் அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒருவழியாக வந்து இறங்கினார். தோளில் ஒரு சாக்கு மூட்டை. சுக்கு, மிளகு, பூண்டு, பெருங்காயம், சாம்பிராணி என்று பிள்ளை பெற்றவளுக்கு வேண்டிய அத்தனையும் அதற்குள் இருந்தன. பனிமூட்டத்தில் நடுங்கிக்கொண்டே வாசலில் நின்று என்னைப் பார்த்தார். வாங்க மச்சான் என்று கையை நீட்டினேன். என் கன்னத்தில் ஒரு அறை விட்டார்.

"இது ஊரா மாப்ள? பனிக்குள்ள கொண்டாந்து எந்தங்கச்சியப் பொதச்சு வச்சிருக்க."

அறை கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அம்புட்டுக் குளிர்.

ராக்காயிக்கு மாதம் முற்றிவிட்டதால் கடல் பிரயாணம் கூடாது என்று தோட்டத்து டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டரை அடிக்காமல் மச்சானைத் திருப்பிக் கொண்டுவந்ததே என் பெரிய சாதனை. "அப்ப நானே இருந்து பாத்துக்கிறேன்" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அன்றிலிருந்து தாய் வீடு எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது, மீசையோடு.

மலைக் குளிரை அவர் ஒரு எதிராளியாகவே எடுத்துக்கொண்டார். விறகைப் பிளக்கும்போது கட்டையைப் பெயர் சொல்லித் திட்டுவார். சீட்டு இல்லாமல் தோட்டத்து மரம் ஒன்றை வெட்டிச் சாய்த்தார். கேட்க வந்த காவல்காரரைத் தேயிலைச் செடிக்கு நடுவே உருட்டிவிட்டார். காவல்காரர் எழுந்து வந்து என்னை உதைத்தார். உதைக்கத் தோதான ஆள் நான்தானே?

கணப்பு மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. வீட்டுக்கு நடுவே ஆகாயம் தெரியும்படி ஒரு ஓட்டை! "காசு குடுத்து விறகு வாங்கி வானத்துக்கா மாப்ள சூடு ஏத்துறீக?" என்று தினமும் கேட்பார். நான் பக்கத்துத் தோட்டத்துக் கதையைச் சொன்னேன். ஜன்னலைக் காட்டினேன். தணல் கிடந்தால் கூண்டு திறந்திருக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னேன். அவனியாபுரத்தில் அவர் தாய் நெருப்புச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, கதவைச் சாத்தி ஏழு பிள்ளை பெற்றாளாம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். அந்த வீட்டுக் கூரை கீற்று, சுவருக்கும் கூரைக்கும் இடையில் காக்காய் போய்வரும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு அது கணக்கிலேயே வரவில்லை.

5

சுந்தரி பிறந்தது ஒரு விடியற்காலையில். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்த மருத்துவச்சி பிரசவம் பார்த்து, தாயையும் பிள்ளையையும் சுத்தம் செய்து கிடத்திவிட்டுப் போனாள். நான் பிள்ளையைப் பார்த்தேன், தணலைப் பார்த்தேன், ஜன்னல் இடுக்கைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. மச்சான் ஒரு ஓரமாகத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார். சம்பளக் கணக்கு முடிக்கிற நாள் என்பதால் நான் ஆபீசுக்கு ஓடினேன்.

அதன்பின் அவர் செய்ததை ஊரில் எந்தத் தாயும் செய்திருப்பாள். பச்சை உடம்பில் வாடைக்காற்று பட்டால் ஜன்னி வரும் என்று ஜன்னல் இடுக்கில் பழந்துணியைத் திணித்தார். பிறகு கணப்பைப் பார்த்தார். தீக்கொழுந்து அடங்கி, புகை இல்லாமல் தணல் மட்டும் அழகாகக் கிடந்தது. புகை போகத்தானே ஓட்டை? புகையே இல்லாதபோது ஓட்டை எதற்கு? கூரையில் ஏறி, தான் கொண்டுவந்த சாக்கைச் சுருட்டிக் கூண்டுக்குள் இறுக்கிச் செருகினார். தங்கையிடம் காற்றில் கதவு திறக்காதபடி உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னார். வெளியே கதவின் அடியில் ஒரு கம்பளியையும் திணித்துவிட்டு, பெருமையோடு காவலுக்கு உட்கார்ந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் மேட்டில் ஏறி வந்தபோது கூண்டின் வாயில் சாக்கின் காது ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கல்யாணவீட்டு முகங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. ஓடினேன்.

"ராக்கு!"

பதில் இல்லை. கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மச்சான் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"தூங்குறா. சத்தம் போடாதீக."

"தூங்கல மச்சான். தட்டுறது கேக்கல பாருங்க. சாவுறா."

"வாயில நல்ல வார்த்த வராதா?" என்று என்னைத் தூக்கி விறகு அடுக்கின்மேல் எறிந்தார். அடுக்கு என்மேல் சரிந்தது. அதற்குள்ளிருந்து எழுந்தபோது கைக்கு அகப்பட்டது கோடரி. கோடரியோடு நான் கதவை நோக்கிப் பாய்வதைப் பார்த்ததும், தங்கையை வெட்டப் போகிறான் என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். அப்படித்தான் இருந்திருக்கும் என் முகம்.

பிறகு நடந்ததைச் சண்டை என்று சொன்னால் அவருக்கு அவமானம். மாட்டின் திமிலைக் கட்டுவதுபோல் என் கழுத்தைக் கட்டினார். நான் அவர் புஜத்தைக் கடித்தேன். விடவில்லை. தொடைத் தழும்பில் முழங்காலால் இடித்தேன். ஒரு குத்து விட்டார், என் மூக்கு இடப்பக்கம் போய்விட்டது. இன்றுவரை அங்கேயே இருக்கிறது. கீழே விழுந்த இடத்தில் சாம்பல் டின் கிடந்தது. மூடியைத் தள்ளி இரண்டு கையாலும் அள்ளி அவர் கண்ணில் அடித்தேன்.

அவர் அலறினார். அந்த இடைவெளியில் கதவை வெட்டினேன். முதல் வெட்டு சுவரில் விழுந்தது. இரண்டாவது வெட்டில் கோடரி கதவில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது, கண் தெரியாமல் கையை வீசிக்கொண்டு வந்த மச்சான் என் முதுகில் மோதினார். மாட்டையே நிறுத்துகிற உடம்பு அது. நானும் கோடரியும் கதவும் அவரும் ஒரே மூட்டையாக உள்ளே போய் விழுந்தோம்.

அறை வெதுவெதுப்பாக, சாம்பிராணி மணத்தோடு, அமைதியாக இருந்தது. ராக்காயியின் முகம் சிவந்திருந்தது.

நான் அவளைக் கால்மாட்டில் பிடித்தேன். மச்சானுக்கு அப்போதுதான் தங்கையின் தலை தொங்குவது தெரிந்தது. சாம்பல் வழியும் கண்ணோடு அவளை அப்படியே வாரி எடுத்து வெளியே போய், நனைந்த புல்லில் கிடத்தினார். நான் பிள்ளையை எடுத்து வந்தேன். ஒரு துணி மூட்டையைத் தூக்கி வருவதுபோல் இருந்தது. எடை இருந்தது, அசைவு இல்லை.

மச்சான் என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினார். உள்ளங்காலில் சுளீரென்று அடித்தார். மறுபடி அடித்தார். பச்சைப் பிள்ளையை அடிக்கும் அந்தக் கையை வெட்டிவிடலாம் என்றுதான் எனக்கு வந்தது. அவர் மண்டியிட்டு, கன்றுக்குட்டி மூச்சு விடாமல் விழுந்தால் தொழுவத்தில் செய்வதுபோல், அதன் மூக்கையும் வாயையும் தன் வாயால் மூடி ஊதினார். ஊதினார், அடித்தார், ஊதினார். அவர் மீசையில் என் ரத்தம் இருந்தது.

பிள்ளை ஒருமுறை விக்கியது. அப்புறம் எங்கள் இருவரையும் ஊரறியத் திட்டுவதுபோல் அழத் தொடங்கியது.

6

அந்த அழுகையில்தான் ராக்காயி கண்ணைத் திறந்தாள். வாந்தி எடுத்தாள். தலை பிளக்கிறது என்றாள். எதிரில் மூக்கு திரும்பிய புருஷனும், முகமெல்லாம் சாம்பலும் ரத்தமுமாய் அண்ணனும் நிற்பதை மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு செத்தது?" என்றாள்.

மச்சான் இரண்டு கையாலும் தன் தலையில் அடித்துக்கொண்டார். என் கையால் தங்கையைக் கொன்றிருப்பேனே என்று சொல்லிச் சொல்லி அடித்தார். மாட்டை அடிக்கிற கை. விட்டால் அவரையே கொன்றுவிடும். நான் தடுக்கப் போய் எனக்கும் இரண்டு விழுந்தன. இனி இந்த வீட்டில் நெருப்பே கூடாது, எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றி அணைக்கிறேன் என்று குடத்தைத் தூக்கினார்.

மழைத் தூறல் தொடங்கியிருந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. ராக்காயி அதை மாரோடு சேர்த்து மூடிக்கொண்டு, பல் கிட்டக் கிட்டச் சொன்னாள்.

"அண்ணே, குடத்தக் கீழ வையி. அழுதது போதும். கூரைல ஏறிச் சாக்கப் பிடுங்கு. எம்பிள்ளைக்குக் குளுருது."

அவர் குடத்தை வைத்தார். சாம்பல் கண்ணோடு தடவித் தடவிக் கூரையேறி, சாக்கைப் பிடுங்கித் தேயிலைக்குள் வீசினார். நான் ஜன்னல் துணியையெல்லாம் பிய்த்தெறிந்தேன். காற்று உள்ளே புகுந்து விஷத்தை விரட்டுமட்டும் காத்திருந்து, தாயையும் பிள்ளையையும் தூக்கி வந்து படுக்கவைத்தோம். தணல் அவிந்துகொண்டிருந்தது. அடுக்கியிருந்த விறகெல்லாம் சரிந்து மழையில் நனைந்து கிடந்தது. நான் ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றின்மேல் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டேன்.

மச்சான் தரையில் கிடந்த கதவைப் பார்த்தார். கோடரியை அதிலிருந்து ஒரே இழுப்பில் உருவினார். கதவைச் சுவரில் சாய்த்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினார்.

"மச்சான், அது தோட்டத்துக் கதவு. நாளைக்கு நான் பதில் சொல்லணும்" என்றேன்.

"கதவு இருந்தாச் சாத்தச் சொல்லும் மாப்ள. எனக்கே சொல்லும்."

சொல்லிவிட்டு வெறி பிடித்தவர்போல வெட்டினார். பெயிண்டு காணாத பழைய பலாமரக் கதவு, பல வருஷம் காய்ந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கணீர் கணீரென்று கேட்டது. துண்டுகளை நான் ஒவ்வொன்றாகத் தணலில் வைத்தேன். புகையே இல்லாமல் பிடித்துக்கொண்டது. அந்தக் கணப்பில் அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் அப்படி ஒரு தீ எரிந்ததில்லை.

ராக்காயி பிள்ளையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். மச்சான் கோடரியை மடியில் வைத்துக்கொண்டு, தீக்கும் வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்தார். கதவு இருந்த இடத்தின் வழியாகக் குளிர் நேரே உள்ளே வந்து எங்கள் முதுகில் அடித்தது. ஒருவரும் எழுந்துபோய் அதை மறைக்கவில்லை.